இரு பந்தாடியவர்

1962ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள். ஜகார்த்தா நகரத்துச் செனாயான் அரங்கிலே ஆசிய விளையாட்டு விழாவின் கால்பந்து இறுதிப் பந்தயம். தென் கொரியாவை எதிர்த்து நின்ற இந்தியக் குழுவிற்குத் தலைமை பூண்டிருந்தவர் சுனி கோஸ்வாமி என்னும் வங்காள வாலிபர், வயது 24. கூடியிருந்த மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டனர். இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவிற்குச் சேர்க்காது விட்டதை ஜி.டி. சோந்தி என்னும் இந்தியர் வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அந்தக் கோபம் முழுவதும் பதினோரு ஆட்டக்காரர் தலையில் விழுந்தது. ஆயினும் 2க்கு 1 என்ற கணக்கில் இந்தியாவே வென்றது. அதற்குப் பின்னர் இந்தியக் கால்பந்துக் குழு ஆசிய விழாவில் பொற்பதக்கம் பெற்றதில்லை.

அதே ஆண்டுப் பனிக்காலத்தில் இதே வாலிபர் வெள்ளைக் காற்சட்டை அணிந்து, வங்காளத்தின் சார்பாக ரஞ்சி கோப்பைக் கிரிக்கெட்டில் இறங்கினார். வேடிக்கைக்காக இறங்கியவரல்லர். பின்னாளில் அம்மாகாணக் குழுவிற்கே தலைவராகி, அதை இறுதிப் பந்தயம் வரை நடத்திச் சென்றவர்.

ஒரே ஆள், இரண்டு பந்துகள். கேட்பவர்க்கு இது கழைக்கூத்தாடியின் வித்தைபோல் தோன்றும். பத்திரிகைகளும் இப்படிப்பட்டவரைக் கண்டால் "பிறவி மேதை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும். கோஸ்வாமிக்குத் திறமை இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் திறமை ஒன்று மட்டும் இருந்தால் ஒருவன் இரண்டு ஆட்டங்களையும் ஆடிவிட முடியுமா? பாதரட்சை வாங்கிக் கொடுத்தவர் யார், மைதானத்தின் வாயிலைத் திறந்துவிட்டவர் யார், ஆடப் போன நாளுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று கேளாமல் எழுதப்படும் ஆட்ட வரலாறு பாதி வரலாறேயாகும். மற்றப் பாதியைச் சிறிது பார்ப்போம்.

இவ்விரண்டு ஆட்டங்களும் முறைப்பட வளர்ந்த இங்கிலாந்திலே, நம்மவர் சாதிக்கு ஏறக்குறைய ஒப்பான ஓர் ஏற்பாடு கிரிக்கெட்டில் இருந்தது. பணம் வாங்காமல் ஆடுகிறவர் "கனவான்". பணத்துக்கு ஆடுகிறவர் வெறும் "ஆட்டக்காரர்". இருவரும் ஒரே குழுவில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு, மைதானத்திற்குள் இறங்கும் வாயில் வேறு. அச்சிட்ட அட்டையிலும் வேற்றுமை உண்டு: கனவானுக்குப் பெயரின் முதலெழுத்துகள் முன்னே நிற்கும், கூலி ஆட்டக்காரனுக்குப் பின்னே நிற்கும். டிட்மஸ் என்னும் இளைஞர் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட வந்தபோது, அட்டையில் அவருடைய முதலெழுத்துகள் தவறிப்போய் முன்னே அச்சாகிவிட்டன. உடனே ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்து, அவற்றைப் பின்னுக்குத் தள்ளிய பிறகே அதிகாரிகளுக்கு நிம்மதி வந்ததாம்! எழுத்தின் இடத்தைக் கொண்டு மனிதனின் இடத்தை அளக்கும் இந்தக் கலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்று தெரிகிறது. 1962ஆம் ஆண்டு நவம்பரில்தான், அதாவது கோஸ்வாமி ஜகார்த்தாவில் பதக்கம் பெற்ற இரண்டு மாதங்களுக்குப் பின்னர்தான், இந்த வேற்றுமையை ஒழிப்பதென்று அங்கே முடிவாயிற்று.

இங்கிலாந்தில் இரு பந்தாடிய பெரியோர் பலர் உண்டு. சி.பி. ஃபிரை என்பவர் 1901இல் அயர்லாந்துக்கு எதிராகக் கால்பந்தாடினார். 1902இல் சௌதாம்டன் குழுவுடன் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் நின்றார். 1912இல் கிரிக்கெட்டில் தம் நாட்டுக்கே தலைவரானார். அவர் கனவான் வரிசை. ஆட்டத்திற்குப் பணம் வாங்கினாரல்லர். ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பொருள் ஈட்டினார்!

டெனிஸ் காம்டன் வேறு வகை. உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்து, கோடையில் மிடில்செக்ஸ் குழுவிடமும் குளிர்காலத்தில் ஆர்சனல் குழுவிடமும் சம்பளம் பெற்றவர். 1947ஆம் ஆண்டு ஒரே கோடையில் 3,816 ஓட்டங்களும் 18 சதங்களும் எடுத்தார். 1950இல் ஆர்சனலுடன் கால்பந்துக் கோப்பையும் வென்றார். கால்பந்தில் அடிபட்ட முழங்கால் கிரிக்கெட்டிலும் அவரை விடவில்லை. முடிவில் முழங்கால் சில்லையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. இவ்விரண்டு ஆட்டங்களிலும் இங்கிலாந்துக்காக ஆடியவருள் கடைசியாக நின்றவர் ஆர்தர் மில்டன். 1951இல் கால்பந்து, 1958இல் கிரிக்கெட். முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே சதம். ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு அவர் பிரிஸ்டல் நகரில் சைக்கிளில் கடிதம் கொண்டு கொடுக்கும் தபால்காரரானார். அதிகாலைச் சவாரி அவருக்கு மிகவும் பிடித்திருந்ததாம். அது அவருடைய நற்குணம். ஆனால் இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்கு ஆடியவருடைய சேமிப்பு எவ்வளவு என்பதையும் அது காட்டுகிறது. அக்காலத்துக் கால்பந்து ஆட்டக்காரருக்கு வாரச் சம்பளத்தின் உச்சவரம்பு விதியாகவே இருந்தது; 1961இல் அவ்விதி நீங்கிய காலத்திலும் அது 20 பவுனுக்கு மேல் ஏறவில்லை.

நிற்க. நம் கோலாலம்பூர்ப் பக்கம் திரும்புவோம்.

1884இல் தோன்றிய சிலாங்கூர் கிளப்பின் முன்னே விரிந்து கிடந்த பாடாங்தான் இந்நகரத்துக் கிரிக்கெட்டின் தொட்டில். கிளப்பின் உள்ளே அமர்ந்தவர் பெரும்பாலும் வெள்ளையர். ஆசியர் மிகச் சிலர். வெளியே இருந்த சமூகங்கள் தத்தமக்கென்று சங்கம் அமைத்துக் கொண்டன. தமிழர் பங்குக்கு 1914ஆம் ஆண்டு எழுந்தது தமிழியன் பிசிக்கல் கல்சுரல் அசோசியேஷன், நகரத்தார் டி.பி.சி.ஏ. என்று சுருக்கி அழைப்பர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் குடியிருந்த குமாஸ்தாக்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நிலைய அதிகாரிகளும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கிரிக்கெட்டைக் கற்றனர். மாலை நாலரைக்கு அலுவலகம் விட்டவனுக்கே மட்டையும் மெத்தை உறையும் கைக்கு எட்டின.

தோட்டத்து நிலைமை வேறு. விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து லயத்துக்குத் திரும்பிய வாலிபனுக்கு, கிரிக்கெட்டுக்கு வேண்டிய முழுப் பகல் ஏது? ஒரு பந்தும் நான்கு கம்புகளும் இருந்தால் கால்பந்து ஆடலாம், காலணிகூட வேண்டியதில்லை. ஆகவே தோட்டம் உதைபந்தைத் தனதாக்கிக் கொண்டது. ஒரே தமிழ் இனத்துக்குள் குமாஸ்தாவின் ஆட்டம் ஒன்று, தொழிலாளியின் ஆட்டம் ஒன்று என இரண்டு நின்றன. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குவது. சைக்கிளில் ஏறியிருக்கும் உரிமையே போராடிப் பெற வேண்டியதாயிருந்த இடத்தில், துரை ஆடும் ஆட்டத்தில் தானும் இறங்கலாமென்று எவன் கனவு காண்பான்?

இந்நகரம் கிரிக்கெட்டுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1932ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடத் தொடங்கியபோது, அந்தப் பதினொருவருள் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியரான லால் சிங். உல்லியை ஓடும்போதே வீழ்த்தியவர் அவர். இரண்டாம் ஆட்டத்தில் அமர் சிங்குடன் சேர்ந்து 74 ஓட்டங்கள் குவித்து, தோற்கும் பந்தயத்துக்கும் மானம் தந்தார். 1985இல் இதே கோலாலம்பூரில் காலமானார்.

இரண்டு ஆட்டங்களை ஆடிய தமிழர் உண்டா என்று வாசகர் கேட்கலாம். உண்டு, ஆனால் அவர் கையிலிருந்த இரண்டாவது கோல் ஹாக்கிக் கோல். செங்கற்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம்.ஜே. கோபாலன் அவர். ஜான்ஸ்டன் என்னும் வெள்ளையர் அவருடைய பந்துவீச்சைக் கண்டு வியந்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் டெஸ்ட் பந்தயம். அதே ஆண்டு நவம்பர் 4இல் சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசிய கை அவருடையது. 1935இல் தியான் சந்தின் தலைமையில் நியூசிலாந்துக்கு ஹாக்கிப் பயணம். 1936இல் வந்தது சோதனை. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மறுபுறம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். இரண்டும் ஒரே காலம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் அவரை இறக்கவில்லை. பெர்லினில் ஹாக்கிக் குழு ஜெர்மனியை 8க்கு 1 என்று வென்று தங்கம் பெற்றது. அவர் 2003 வரை, 94 வயது வரை வாழ்ந்தார்.

இனிக் கோஸ்வாமியிடம் வருவோம். கோபாலனுக்கு நேர்ந்த மோதல் இவருக்கு ஏன் நேரவில்லை? ஒரு காரணம் வானம். இங்கிலாந்தில் கோடை கிரிக்கெட்டுக்கு, குளிர் கால்பந்துக்கு. கல்கத்தாவில் இது தலைகீழ்: மே மாதம் தொடங்கி மழைச் சேற்றில் கால்பந்து, மழை நின்று புல் காய்ந்த பனிக்காலத்தில் கிரிக்கெட். ஆண்டு இரண்டாகப் பிளந்து கிடந்ததால் ஓர் ஆள் இரண்டிலும் நுழைய இடமிருந்தது. நம் மலாயாவிலோ ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் மழை. இரண்டு ஆட்டமும் ஒரே பாடாங்கில் ஒரே மாலைக்காகப் போட்டியிட்டன. இது சிறிய செய்தியென்று தோன்றினாலும் பெரிய காரணம்.

மற்றக் காரணம் வீடும் சங்கமும். கோஸ்வாமி 1938 ஜனவரி 15இல் கிழக்கு வங்காளத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்து, தென் கல்கத்தாவில் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவர். எட்டு வயதிலேயே மோகன் பகான் சங்கத்தின் சிறுவர் குழுவில் சேர்ந்தார். அந்தச் சங்கம் 1911இல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் பட்டாளத்துக் குழுவை 2க்கு 1 என்று வென்று, வங்காளத்தையே தெருவுக்கு இழுத்து வந்த சங்கம். அங்கே கால்பந்தும் உண்டு, கிரிக்கெட்டும் உண்டு. ஒரு வாயிலில் நுழைந்த பிள்ளைக்கு இரண்டு மைதானமும் திறந்தன. 1954இல் பெரிய குழுவில் இறங்கினார். 1968 வரை வேறு சங்கத்துச் சட்டையை அவர் அணியவில்லை. எதிரிச் சங்கமாகிய ஈஸ்ட் பெங்கால் மோட்டார் கார் தருவதாக ஆசை காட்டியது என்பர். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் குழுவிலிருந்து அழைப்பு வந்ததென்றும் சொல்வதுண்டு. எதற்கும் அவர் அசையவில்லை. ஸ்டேட் பாங்கில் உத்தியோகம் இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம், ஆட்டத்திற்கு விடுமுறை. பேருக்கு ஊதியமில்லா ஆட்டக்காரர். ஆயினும் ஆட்டமே அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தது என்பதை யார் மறுப்பார்?

இந்த ஏற்பாட்டை இகழ வேண்டியதில்லை. நம் நாட்டிலும் அப்படித்தான். 1989இல் பாதித் தொழில்முறைப் போட்டி தொடங்கும்வரை, மலேசியக் கால்பந்து ஆட்டக்காரர் பாங்கிலோ போலீசிலோ மின்சார வாரியத்திலோ சம்பளம் பெற்றுக்கொண்டே நாட்டுக்கு ஆடினர். நீண்ட கைகளால் "சிலந்தி மனிதன்" என்று பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2க்கு 1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழு அது. அரசியல் புறக்கணிப்பால் அந்தப் பயணம் நடைபெறவில்லை. ஆட்டத்துக்கு வெளிப்படையாகச் சம்பளம் வருவதற்கு முன்னே, 1988 டிசம்பரில், கார் விபத்தில் ஆறுமுகம் மாண்டார்.

ஜகார்த்தாவில் கோஸ்வாமியின் அருகே ஓடியவர்களையும் நாம் பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் தங்கராஜ் என்றும் அருமைநாயகம் என்றும் எத்திராஜ் என்றும் பெயர்களைப் படிக்கும்போது நம்மவர்க்குக் காது குளிர்கிறது. பீட்டர் தங்கராஜ் இராணுவத்தில் சேர்ந்து கோல் காவலரானவர். ஆனால் நான் நின்று பேச விரும்புவது துளசிதாஸ் பலராமைப் பற்றி. முன்வரிசையில் பி.கே. பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் சேர்த்தே இந்தியா உச்சரித்தது. பலராம் செகந்திராபாத்தின் அருகே அம்முகூடாவில் ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கால்பந்துப் பாதரட்சை வாங்க வழியின்றி, போலீசார் போட்டுக் கழித்த பழைய பூட்சை வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றித் தைத்து அணிந்தவர். ரஹீம் என்னும் பெரும் பயிற்சியாளரின் கண்ணில் பட்டார்; 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற குழுவுடன் சென்றார்; 1960இல் ரோமாபுரியில் வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார்.

இவரும் கோஸ்வாமியும் ஏறக்குறைய ஒரே வயதினர்; ஒரே பதக்கத்தை ஒரே நாளில் கழுத்தில் அணிந்தனர். 1963இல் பலராமுக்கு நுரையீரல் நோய் கண்டது. ஆட்டம் அத்துடன் நின்றது. அவருக்கு இரண்டாவது ஆட்டம் கிடையாது. கற்பித்தவருமில்லை, கற்கப் பொழுதுமில்லை. அடுத்த ஆண்டு, 1964இல், கோஸ்வாமி அனைத்துலகக் கால்பந்திலிருந்து தாமே விலகினார். இருபத்தேழு வயது நிரம்பவில்லை. நல்ல உடல், நல்ல உத்தியோகம். கிரிக்கெட் மட்டை காத்திருந்தது. ஒருவர் நோயால் நின்ற இடத்தில் மற்றவர் விருப்பத்தால் திரும்பினார்.

1964 கோஸ்வாமிக்கு நிறைந்த ஆண்டு. இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர் தலைமையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. அதே ஆண்டு நம் மெர்டேக்கா அரங்கில் நடந்த போட்டியிலும் இந்தியா இறுதிப் பந்தயத்தை எட்டி, பர்மாவிடம் ஒரே கோலில் தோற்றது. 1957 ஆகஸ்டில், நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய நாள் திறக்கப்பட்ட அரங்கம் அது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம். 1959இலும் அங்கே இந்தியாவுக்கு இரண்டாமிடமே. தமிழர் இந்தியாவுக்குக் கை தட்டுவதா மலாயாவுக்குக் கை தட்டுவதா என்பது அந்நாளில் வீட்டுக்கு வீடு நடந்த வழக்கு. பிள்ளைகள் மலாயா பக்கம் நின்றார்கள், அதுவே சரி.

கிரிக்கெட்டில் கோஸ்வாமியின் சிறந்த நாள் 1966 டிசம்பரில் இந்தூரில் வந்தது. சோபர்ஸின் தலைமையில் வந்திருந்த மேற்கிந்தியக் குழு அந்நாளில் உலகில் யாருக்கும் அஞ்சாதது. அதை மத்திய, கிழக்கு வட்டாரங்கள் சேர்ந்த குழு எதிர்த்தது. விருந்தினர் 136, உள்ளூர்க் குழு 283, மறுபடியும் விருந்தினர் 103. ஓர் ஆட்டமும் 44 ஓட்டங்களும் மிச்சம்! சுப்ரத குகா 11 விக்கெட்டுகளையும் கோஸ்வாமி 8 விக்கெட்டுகளையும் பங்கிட்டுக் கொண்டனர். வெஸ் ஹால் உயர அடித்த பந்தைப் பின்னோக்கி வெகுதூரம் ஓடிப் பிடித்தாரே, அந்தப் பிடியைத்தான் கண்டவர்கள் நெடுங்காலம் பேசினர். கால்பந்தில் வளர்ந்த கால்கள் கிரிக்கெட்டுக்குச் செய்த உபகாரம் அது. 1968-69 ரஞ்சி இறுதிப் பந்தயத்தில் பம்பாய்க்கு எதிராக 96, 84 என இருமுறை சதத்தை நெருங்கினார். 1971-72இல் தலைவராக வங்காளத்தை மீண்டும் இறுதிக்குக் கொண்டு சென்றார், பம்பாயே வென்றது. மொத்தத்தில் 46 முதல்தரப் பந்தயங்கள், 1,592 ஓட்டங்கள், 47 விக்கெட்டுகள். மாகாண அளவில் இது நல்ல கணக்கு. டெஸ்ட் ஆட்டக்காரனின் கணக்கன்று. கிரிக்கெட்டில் அவர் நல்ல ஆட்டக்காரர். கால்பந்திலோ ஆசியாவின் முன்வரிசையில் நின்றவர். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் புகழ்வோர் அவருக்கு நன்மை செய்கிறவரல்லர்.

1963இல் அர்ஜுனா விருது, 1983இல் பத்மஸ்ரீ, 2005இல் கல்கத்தாவின் ஷெரீஃப் பதவி, 2020 ஜனவரியில் உயிரோடிருக்கும்போதே தபால் தலை. அவ்வாண்டு ஏப்ரல் 30இல், கொள்ளைநோய்க்காக ஊரே அடைத்துக் கிடந்த நாளில், கோஸ்வாமி காலமானார். பானர்ஜி ஒரு மாதம் முந்தியே போய்விட்டார்.

பலராம் அர்ஜுனா விருதை 1962இல், கோஸ்வாமிக்கு ஓராண்டு முன்னரே பெற்றவர். பத்மஸ்ரீ பானர்ஜிக்கு 1990இல் வந்தது, பலராமுக்கு வரவேயில்லை. ஆட்டம் நின்ற பிறகு ரயில்வேக் குழுவின் இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தனியராக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16இல் மறைந்தார். போலீஸ் பூட்சைப் பிரித்துத் தைத்துக் கொடுத்த அந்தச் செருப்புத் தொழிலாளியின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.